பிறந்த நாடே குற்றமானபோது: அமெரிக்க முகாம்களில் ஜெர்மானியக் குடும்பங்கள்

2025 மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஓர் ஆணை, உலகம் ஏறத்தாழ மறந்துபோன ஒரு பழைய சட்டத்தை மீண்டும் பேசுபொருளாக்கியது. வெனிசுவேலா நாட்டுக் குற்றக்கும்பல் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்று அரசு அடையாளம் காட்டியவர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டு, எல் சால்வடார் நாட்டின் பெருஞ்சிறை ஒன்றுக்கு அனுப்பப்பட்டனர். தம் தரப்பை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அரசு இதற்கு ஆதாரமாகக் காட்டியது, 1798ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 'அயல்நாட்டுப் பகைவர் சட்டம்'.

இச்சட்டம் அதற்கு முன்பு மூன்று முறை மட்டுமே பயன்படுத்தப்பட்டிருந்தது. 1812இல் பிரிட்டனுடன் நடந்த போர், முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் என்பன அவை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜப்பானியர் அடைக்கப்பட்ட வரலாறு ஓரளவு எல்லாரும் அறிந்ததே. அதே காலத்தில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையே இங்கு எழுத விழைகிறோம். பிழைப்புத் தேடி வெளிநாடு சென்ற ஒருவரேனும் இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. குடியுரிமை இல்லாத நாட்டில் பல்லாண்டுகள் உழைத்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது எத்தகைய வாழ்க்கை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். ஒரு நாட்டுடன் போர் அறிவிக்கப்பட்டாலோ, அந்நாடு படையெடுத்தாலோ, அந்நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெறாத, 14 வயது நிரம்பிய எவரையும் கைது செய்யலாம், அடைத்து வைக்கலாம், நாடு கடத்தலாம். தொடக்கத்தில் இது ஆண்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1918இல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். குறிப்பிட்ட மனிதர் ஏதேனும் தீங்கு செய்தார் என்று காட்ட வேண்டும் என்னும் நிபந்தனை சட்டத்தில் எங்கும் இல்லை. அவர் எங்கே பிறந்தார் என்பதே போதுமானது.

முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜெர்மானியர் மீதான வெறுப்பு எல்லை கடந்தது. பல பள்ளிகளில் ஜெர்மன் மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் என்னும் ஊரில், ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மானியத் தொழிலாளியை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரையும் ஜூரிகள் விடுவித்தனர். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த புகழ்பெற்ற இசைஞர் கார்ல் முக், ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் ஓகல்தோர்ப் முகாமில் அடைக்கப்பட்டு, போர் முடிந்த பிறகு நாடு கடத்தப்பட்டார். எனினும் அந்தப் போரில் அடைக்கப்பட்டோர் பெரும்பாலும் தனி ஆண்களே. முழுக் குடும்பத்தையும் வேலிக்குள் கொண்டுவரும் ஏற்பாடு அடுத்த போரில்தான் உருவானது.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. ஜெர்மனி அமெரிக்கா மீது போர் அறிவித்தது டிசம்பர் 11ஆம் நாள். ஆனால் இடைப்பட்ட நாட்களிலேயே ஜெர்மானியர் கைது செய்யப்படலாயினர். ஏனெனில் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1939 முதலே எஃப்.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வுத் துறை, போர் மூண்டால் பிடிக்க வேண்டியவர்களின் பெயர்களைத் திரட்டிவந்தது. 1940இல் வந்த சட்டத்தின்படி குடியுரிமை இல்லாத அயல்நாட்டார் அனைவரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொண்டதால், முகவரி தேட வேண்டிய சிரமமும் இருக்கவில்லை.

அரசின் அச்சம் முற்றிலும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. 'ஜெர்மன் அமெரிக்க பண்ட்' என்ற நாஜி ஆதரவு அமைப்பு 1939 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் கூட்டிய கூட்டத்துக்கு 20,000 பேர் வந்திருந்தனர். 1941இல் 33 பேர் அடங்கிய ஜெர்மன் உளவுக்குழு ஒன்று பிடிபட்டு, அனைவரும் தண்டிக்கப்பட்டனர். 1942 ஜூனில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கிய எட்டு நாசவேலைக்காரர்கள் சிக்கினர். அவர்களில் ஆறு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இவர்களெல்லாம் நீதிமன்றமோ இராணுவ ஆணையமோ விசாரித்துத் தண்டித்தவர்கள். நாம் பேசப்போவது இவர்களைப் பற்றியன்று. எந்தக் குற்றச்சாட்டும் பதிவு செய்யப்படாமல் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 ஜெர்மானியர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் பற்றியது.

கைது செய்யப்பட்டவர் ஒரு விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். குழுவில் இருந்தவர்கள் உள்ளூர்ப் பெரியவர்கள். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. புகார் கொடுத்தவர் யார் என்பது சொல்லப்படாது. புலனாய்வுத் துறையின் கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதும் காட்டப்படாது. அண்டை வீட்டாரின் பகை, வேலையிடத்துப் பொறாமை, ஜெர்மன் மொழிப் பத்திரிகைக்குக் கட்டிய சந்தா, ஊரிலிருந்த தாய்க்கு அனுப்பிய பணம், ஜெர்மானியப் பாட்டுக் கழகத்தின் உறுப்பினர் அட்டை ஆகிய எதுவும் அந்தக் கோப்பில் இடம்பிடிக்கக்கூடும். தாம் ஆபத்தற்றவர் என்பதைக் கைதியே மெய்ப்பிக்க வேண்டும். எதை மறுக்க வேண்டும் என்பதே தெரியாத ஒருவர் எதை மெய்ப்பிப்பார்? குழுவின் பரிந்துரையைப் பார்த்து இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் அரசின் தலைமை வழக்கறிஞரிடம் இருந்தது. விடுதலை, நிபந்தனையுடன் விடுதலை, தடுப்புக்காவல் என்ற மூன்றில் ஒன்று வாய்க்கும். மூன்றாவது வாய்த்தவருக்கு எவ்வளவு காலம் என்று கேட்கவும் வழியில்லை. களவு செய்து சிறை சென்றவனுக்குக்கூட விடுதலை நாள் தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது.

வீட்டில் என்ன நடந்தது?

பெரும்பாலான வீடுகளில் சம்பாதித்தவர் கணவர் ஒருவரே. அவர் கொண்டுசெல்லப்பட்ட மறுநாள் முதல் வருவாய் நின்றது. வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதே சில நாட்கள், சில வேளை சில வாரங்கள் மனைவிக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அது ஆயிரம் மைலுக்கு அப்பால், வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் லிங்கன் போன்ற இடமாக இருந்தது. கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டன. எத்தனை எழுதலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. கடன் தவணை கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள் உண்டு. தளவாடங்களைக் கிடைத்த விலைக்கு விற்று உறவினர் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியவர்கள் உண்டு. தந்தை, தாய் இருவருமே கைதான வீடுகளில், பிள்ளைகள் அனாதை இல்லத்துக்குப் போன நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. பள்ளிக்கூடத்தில் அப்பிள்ளைகளை 'நாஜி' என்று அழைத்தனர். கணவர் குற்றமற்றவராக இருந்தால் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்வி அண்டை வீட்டார் கண்களில் எப்போதும் நின்றது. அந்தக் கேள்விக்கு மனைவியிடம் விடை இல்லை. ஏனெனில் அரசு அவளிடமும் காரணம் சொல்லியிருக்கவில்லை.

இந்தப் பெண்கள் அரசுக்கு எழுதிய மனுக்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. என் கணவரை விட முடியாதென்றால் எங்களையும் அவரோடு சேர்த்து வையுங்கள் என்பதே அது. அந்தக் கோரிக்கையிலிருந்துதான் குடும்ப முகாம் என்ற ஏற்பாடு வளர்ந்தது.

கிறிஸ்டல் சிட்டி

டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய வறண்ட நிலத்தில் கிறிஸ்டல் சிட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. கீரை விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஊர். கேலிச்சித்திரக் கதைகளில் கீரை தின்று வலிமை பெறும் பாப்பாய் மாலுமிக்கு 1937இலேயே அங்குச் சிலை வைத்துவிட்டார்கள். கீரை பறிக்க வரும் கூலித் தொழிலாளர்களுக்காக அரசு கட்டியிருந்த குடியிருப்பே, பத்தடி உயர வேலியும் காவல் கோபுரங்களும் இரவெல்லாம் எரியும் விளக்குகளுமாகக் குடும்ப முகாமாக மாறியது. 1942 டிசம்பரில் முதல் ஜெர்மானியக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பின்னர் ஜப்பானியக் குடும்பங்களும் வந்தன. 1944இன் இறுதியில் அங்கே 3,300க்கும் அதிகமானோர் இருந்தனர்; பெரும்பான்மையினர் ஜப்பானியர்.

முகாமை நடத்திய அதிகாரிகள் கொடியவர்கள் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். குடும்பத்துக்குத் தனி வீடு அல்லது வீட்டின் ஒரு பகுதி கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பால் வீட்டு வாசலுக்கே வந்தது. காசுக்குப் பதிலாக வில்லைகள் வழங்கப்பட்டன. அவற்றைக் கொடுத்து முகாம் கடையில் மளிகை வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை இருந்தது. ஆங்கிலவழிப் பள்ளி, ஜெர்மன் பள்ளி, ஜப்பானியப் பள்ளி என மூன்று வகைப் பள்ளிகள் இருந்தன. கைதிகளே உழைத்து ஒரு பெரிய வட்ட நீர்த்தேக்கத்தை வெட்டினர். டெக்சாஸ் வெயிலில் அது பிள்ளைகளின் நீச்சல் குளமாயிற்று. அதே குளத்தில் 1944இல் பெருவிலிருந்து கொண்டுவரப்பட்ட இரண்டு ஜப்பானியச் சிறுமிகள் மூழ்கி இறந்தனர்.

அங்கே வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் அந்நாட்களை மகிழ்ச்சியோடுகூட நினைவுகூர்ந்தனர். தந்தை மீண்டும் கூடவே இருந்தார் அல்லவா! பெரியவர்களின் நினைவு வேறு. வேலை செய்து குடும்பத்தைக் காத்த ஆண், நாள்தோறும் வரிசையில் நின்று தலை எண்ணப்படுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஜெர்மானியர் பகுதிக்குள்ளும் அமைதி இல்லை. நாஜி ஆதரவாளர் சிலர் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தனர். ஹிட்லரை வெறுத்தவரும் அரசியலே அறியாதவரும் அதே தெருவில் அவர்களோடு வாழ வேண்டியிருந்தது. உண்மையான நாஜிகளையும் அல்லாதவர்களையும் பிரித்தறியாமல் ஒரே வேலிக்குள் போட்டதன் விளைவு அது.

சட்டத்தின் பார்வையில் இந்த மனைவியரும் பிள்ளைகளும் கைதிகள் அல்லர். 'தாமாக முன்வந்து' உள்ளே வந்தவர்கள் என்றே அவர்கள் பதிவு செய்யப்பட்டனர். பிள்ளைகளில் மிகப் பலர் அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். அந்தச் சொல்லை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். வருவாயும் இன்றி வீடும் இன்றிக் கணவரும் இன்றி நின்ற ஒரு பெண், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் இருக்கும் இடத்துக்குப் போக ஒப்பமிட்டால், அதைத் தன்விருப்பம் என்று எந்த மொழியில் சொல்வது? அந்த ஒப்பம் பல குடும்பங்களுக்கு அடுத்த ஒப்பத்துக்கு வழி திறந்தது. அது ஜெர்மனிக்கே திரும்பிச் செல்லச் சம்மதிக்கும் ஒப்பம்.

ஜெர்மனியின் பிடியில் சிக்கியிருந்த அமெரிக்கர்களை மீட்க, அமெரிக்காவுக்கு ஈடாகக் கொடுக்க ஜெர்மானியர் தேவைப்பட்டனர். முகாம்களிலிருந்த குடும்பங்கள் அதற்குப் பயன்பட்டன. கிரிப்ஸ்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல் இந்தப் பரிமாற்றப் பயணங்களுக்குப் பெயர்பெற்றது. 1945 ஜனவரியில், போரின் கடைசிக் குளிர்காலத்தில், அது நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு பிரான்சின் மார்செய் துறைமுகம் சேர்ந்தது. அங்கிருந்து ரயிலில் சுவிட்சர்லாந்து வழியாக அவர்கள் ஜெர்மானியர் ஆண்ட பகுதிக்குள் அனுப்பப்பட்டனர். நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த நேரம். ஜெர்மன் சரியாகப் பேசவும் வராத அமெரிக்கப் பிள்ளைகள், தம் சொந்த நாட்டு விமானங்கள் வீசும் குண்டுகளுக்கு அஞ்சி நிலவறைகளில் ஒடுங்கினர். ஒரு குடும்பத்தின் தந்தையான பொறியாளரை அமெரிக்கா ஜெர்மனியின் ஆதரவாளர் என்று அடைத்து வைத்திருந்தது. ஜெர்மனி சென்றதும் அமெரிக்காவின் உளவாளி என்று கெஸ்டாப்போ காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டனர்.

அதே பரிமாற்றத்தின் மறுமுனையில் மீட்கப்பட்டவர்களுள், பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் சாவின் விளிம்பில் இருந்த யூதர் சிலரும் இருந்தனர். அவர்கள் உயிர் பிழைத்ததை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஓர் அரசு தன் சொந்தக் குடிமக்களான சிறு பிள்ளைகளைப் பண்டமாற்றுக் கணக்கில் எழுதியதை அந்த நன்மை நியாயமாக்கிவிடாது என்பது எம் கருத்து.

ஆர்தர் ஜேகப்ஸ் என்பவரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1933இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். போர் முடியும் தறுவாயில் அவருடைய தந்தை கைதானார். தாய், ஆர்தர், அண்ணன் ஆகியோர் எல்லிஸ் தீவில் தந்தையோடு சேர்ந்துகொண்டனர். குடியேற வருவோரை ஒரு காலத்தில் வரவேற்ற அதே எல்லிஸ் தீவுதான். போர்க்காலத்தில் அது தடுப்புக்காவல் நிலையமாகவும் இருந்தது. பின்னர் கிறிஸ்டல் சிட்டி. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது. ஆனாலும் 1946 ஜனவரியில் அந்தக் குடும்பம் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டது. கடுங்குளிரில் சரக்கு ரயில் பெட்டியில் ஏற்றப்பட்டு, ஸ்டுட்கார்ட் அருகே ஹோஹெனாஸ்பெர்க் என்னும் மலைக்கோட்டைச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்போது அதை நடத்தியது அமெரிக்க இராணுவம். ஆர்தருக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை. தான் அமெரிக்கக் குடிமகன் என்று அமெரிக்கக் காவலரிடமே அந்தச் சிறுவன் சொல்ல வேண்டியிருந்தது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

1947இல் அண்ணனும் தம்பியும் மட்டும் அமெரிக்கா திரும்ப வழி பிறந்தது. பெற்றோர் அங்கேயே தங்கினர். கன்சாஸ் மாநிலத்தில் அறிமுகமற்ற ஒரு பண்ணைக் குடும்பத்தார் அச்சிறுவர்களை ஏற்றுக்கொண்டனர். ஆர்தர் வளர்ந்து அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றார். தம் சிறுவயதுச் சிறைவாசத்தை 'ஹோஹெனாஸ்பெர்க் என்னும் சிறை' என்ற பொருள்படும் தலைப்பில் 1999இல் நூலாக வெளியிட்டார். தந்தையை அடைத்து வைக்க அரசிடம் என்ன காரணம் இருந்தது என்பதைப் பழைய கோப்புகளில் தேடுவதிலேயே அவருடைய முதுமையின் பெரும்பகுதி கழிந்தது.

பகைவனிடமிருந்து தப்பியவர்களும் பகைவரே

அமெரிக்காவின் எல்லைக்குள் இருந்தவர்களோடு இந்த நடவடிக்கை நிற்கவில்லை. குவாதமாலா, கோஸ்டா ரிகா, ஈக்வடார், பெரு முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவந்த 4,058 ஜெர்மானியர், அமெரிக்காவின் வற்புறுத்தலால் பிடித்துக் கொடுக்கப்பட்டனர். கப்பலில் அவர்களுடைய கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியதும், உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்தவர்கள் என்று அவர்கள் மீதே குற்றம் எழுதப்பட்டது. இக்கோப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மாக்ஸ் பால் ஃபிரீட்மன், இவர்களில் உளவு வேலை தொடர்பாகச் சந்தேகிக்க இடமிருந்தோர் பத்துப் பேருக்கும் குறைவே என்று கண்டார். கடைகளையும் காப்பித் தோட்டங்களையும் விட்டுவந்த பலருடைய சொத்துக்களை உள்ளூர் ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டனர்.

இவ்வாறு கொண்டுவரப்பட்டவர்களுள் ஹிட்லரிடமிருந்து உயிர் தப்பி ஓடிய யூதர்கள் 80 பேர் வரை இருந்தனர். அவர்களில் சிலர் நாஜிகளின் வதைமுகாமைக் கண்டு மீண்டவர்கள். அவர்களும் ஜெர்மானியர் என்ற பெயரிலேயே ஜெர்மானியரோடு அடைக்கப்பட்டனர்.

இத்தகைய முரண்பாட்டுக்கு நம் வாசகர்கள் நன்கறிந்த ஒருவருடைய வாழ்க்கையும் சான்று. அது அமெரிக்காவில் அன்று, அதே போரில் பிரிட்டிஷ் இந்தியாவில் நடந்தது. 'தி ரோட் டு மெக்கா', 'தி மெஸேஜ் ஆஃப் தி குர்ஆன்' ஆகிய நூல்களின் ஆசிரியர் முஹம்மது அசத் அவர்களைத்தான் குறிப்பிடுகிறோம். ஆஸ்திரிய யூதக் குடும்பத்தில் லியோபோல்ட் வைஸ் என்ற பெயருடன் 1900இல் பிறந்து, 1926இல் இஸ்லாத்தைத் தழுவியவர். அரபு மண்ணில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தபின் 1932இல் இந்தியா வந்து, அல்லாமா இக்பாலின் நட்பைப் பெற்றார். ஸஹீஹுல் புகாரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பெரும்பணியைத் தொடங்கியிருந்தார். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது ஜெர்மன் குடியுரிமையை ஏற்க மறுத்தார். வியன்னாவில் சிக்கியிருந்த தந்தையை மீட்க 1939இல் லண்டன் வரை சென்று முயன்றார்.

1939 செப்டம்பரில் போர் மூண்டவுடனே ஆங்கில அரசு அவரைப் பகைநாட்டவர் என்று கைது செய்தது. ஜெர்மானியர், ஆஸ்திரியர், இத்தாலியர் ஆகியோருடன், நாஜிகளும் நாஜி எதிர்ப்பாளர்களும் கலந்திருந்த முகாம்களில் அவர் வைக்கப்பட்டார். அவருடைய அரபு மனைவி முனீராவும் மதீனாவில் பிறந்த சிறுமகன் தலாலும் பெரும்பாலும் பதான்கோட் அருகிலுள்ள ஜமால்பூரில், சௌதரி நியாஸ் அலீ கானின் பாதுகாப்பில் இருந்தனர். 1942இல் வியன்னாவிலிருந்து நாஜிகள் கொண்டுசென்ற அவருடைய தந்தையும் தங்கையும் திரும்பவில்லை. தந்தையைக் கொன்றவர்களின் நாட்டவர் என்று சொல்லியே மகனை இங்கே அடைத்து வைத்திருந்தார்கள். 1945 ஆகஸ்டில் அவர் மனைவி மகனிடம் மீண்டார். புகாரி மொழிபெயர்ப்பின் கைப்பிரதிகளில் பெரும்பகுதி, 1947 பிரிவினைக் கலவரத்தில் அழிந்தது. மகன் தலால் அசத் பிற்காலத்தில் உலகறிந்த மானிடவியல் அறிஞரானார். 'தி ரோட் டு மெக்கா' நூலில் அசத் தம் வாழ்வை எவ்வளவோ விரிவாக எழுதியும், முகாம் ஆண்டுகளைப் பற்றி மிகச் சிறிதே குறிப்பிட்டிருக்கிறார்.

போருக்குப் பின்

அமெரிக்காவில் போர் முடிந்தும் முகாம்கள் உடனே மூடப்படவில்லை. 1945 ஜூலையில் அதிபர் ட்ரூமன், ஆபத்தானவர் என்று கருதப்படும் பகைநாட்டவரை நாடு கடத்த ஆணையிட்டார். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் கர்ட் லூடெக்கே என்பவரும் ஒருவர். ஒரு காலத்தில் ஹிட்லரோடு இருந்து, பின் பிணங்கி, நாஜிகளின் முகாமிலேயே கிடந்து தப்பியவர். துப்பாக்கிகள் ஓய்ந்து மூன்று ஆண்டுகள் கடந்தபின், 1948 ஜூனில், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. போர் எப்போது முடிந்தது என்பதை அரசே சொல்ல வேண்டும், நீதிபதிகள் அன்று என்பது தீர்ப்பின் சாரம். அதை எழுதிய நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர், வியன்னாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். 2025 ஏப்ரலில் வெனிசுவேலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோதும் லூடெக்கே தீர்ப்பு எடுத்தாளப்பட்டது. எனினும், அனுப்பப்படும் முன் அறிவிப்பும் நீதிமன்றத்தை அணுகும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் இம்முறை கூறியது.

கிறிஸ்டல் சிட்டி முகாம் 1948 பிப்ரவரியில் மூடப்பட்டது. எல்லிஸ் தீவிலிருந்த கடைசி ஜெர்மானியரும் அவ்வாண்டிலேயே வெளியே வந்தனர். வெளியே வந்தோர் பேசவில்லை. நடந்தவற்றை வெளியில் சொல்லக் கூடாது என்று தம்மிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாகப் பலர் பிற்காலத்தில் கூறினர். அதைவிட வலிய காரணம் ஒன்று உண்டு. ஜெர்மனி செய்த கொடுமைகள் உலகுக்கு வெளிப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், ஜெர்மானியராகிய எங்களுக்கும் துன்பம் நேர்ந்தது என்று சொன்னால் கேட்பார் யார்? பெற்றோர் வாய் திறக்காததால், தந்தை ஏதோ பெருங்குற்றம் செய்திருக்கிறார் போலும் என்ற ஐயத்துடனேயே வளர்ந்த பிள்ளைகள் இருந்தனர். முகாமைவிட நீண்டகாலம் நீடித்த தண்டனை அது என்று நமக்குத் தோன்றுகிறது.

1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜப்பானிய அமெரிக்கரிடம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. ஆர்தர் ஜேகப்ஸ் ஜெர்மானியருக்கும் அதே நீதி வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஜப்பானியர் இனவெறுப்பினால் மொத்தமாக அகற்றப்பட்டனர். ஜெர்மானியரோ ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டே அடைக்கப்பட்டனர் என்று அது வேறுபடுத்தியது. இந்த வேறுபாட்டில் உண்மை இல்லாமலில்லை. மேற்குக் கரையில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஏறத்தாழ 1,20,000 ஜப்பானியர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஜெர்மானியருக்கு நேர்ந்தது அளவில் அதற்கு ஈடாகாது. ஈடென்று வாதிடுவோரை நாமும் ஏற்கவில்லை. ஆனால் வழக்கறிஞரும் இல்லாமல் குற்றச்சாட்டும் தெரியாமல் நடந்த ஒன்றை விசாரணை என்று நீதிமன்றம் எண்ணியதை ஏற்பது கடினம்.

இத்தாலியருக்கு இழைக்கப்பட்டதை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2000இல் வந்தது. ஜெர்மானியர் விஷயத்தில் ஓர் ஆய்வுக்குழுவை அமைக்கவாவது வேண்டும் என்று செனட் உறுப்பினர் ரஸ் ஃபைன்கோல்ட் பலமுறை மசோதா கொண்டுவந்தார். 2007இல் செனட் அதை வேறொரு குடியேற்ற மசோதாவின் திருத்தமாக ஏற்றுக்கொண்டது. மூல மசோதாவே தோற்றுப்போனதால் அதுவும் போயிற்று.

இதற்கிடையே 2002இல் அமெரிக்க அரசு 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் நேரில் வந்து கைரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. அவற்றில் வட கொரியா தவிர ஏனைய 24 நாடுகளும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்பவை. தாமாகவே வந்து வரிசையில் நின்று பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ 13,000 பேர் மீது நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. அப்போது முஸ்லிம்களுக்கு ஆதரவாக முன்வந்து பேசியவர்களுள், சிறுவயதில் முகாம்களில் இருந்த ஜப்பானிய அமெரிக்க முதியவர்களும் இருந்தனர்.

கிறிஸ்டல் சிட்டியில் இன்று முகாம் கட்டடங்கள் இல்லை. அந்நிலத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இரண்டு குடும்பங்கள் வாழ்ந்த ஒரு குடிலின் அடித்தளத்தின் மேல், அங்கே இருந்த ஜப்பானியர் 1985இல் ஒரு நினைவுக்கல் நாட்டினர். பின்னர் டெக்சாஸ் வரலாற்று ஆணையம் வைத்த விளக்கப் பலகைகளில் ஜெர்மானியக் குடும்பங்களும் இடம்பெற்றன. கைதிகள் வெட்டிய குளத்தின் வட்டக் கான்கிரீட் தளம் புல்லுக்கு நடுவே இன்னும் கிடக்கிறது.